மூலையைச் சுத்தம் செய்கிறேன் என்று கண்ணைக் கட்டிக்கொள்ளாதீர்கள்

போன வாரம் ஒரு அக்கா தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். புதிது வாங்கியாயிற்று. பழையதை ஃபார்மேட் செய்து சித்தப்பா மகனுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. "எல்லாம் கிளவுட்ல இருக்கு தம்பி, நீங்க தைரியமா அழிச்சிடுங்க" என்றார்.

இப்படித் தைரியம் கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை. தொழில் அப்படி. சிங்க், அதாவது கணினியில் இருப்பதைக் கிளவுடுக்கு நகலெடுக்கும் வேலை, கடைசியாக எப்போது நடந்தது என்று பார்க்கத் திரையின் கீழ் வலது மூலைக்குப் போனேன். கடிகாரம், வைஃபை, ஸ்பீக்கர். வேறு ஒன்றும் இல்லை. மறைந்திருக்கும் ஐகான்களைத் திறந்து காட்டுகிற அந்தச் சின்ன அம்புக்குறியைக்கூடக் காணோம்.

"அம்புக்குறி எங்கே போச்சு அக்கா?"

"அது சும்மா அசிங்கமா நிக்குதேன்னு எடுத்துட்டேன் தம்பி. ஒரு வீடியோல சொன்னாங்க. எடுத்தப்புறம் கம்ப்யூட்டர் கொஞ்சம் வேகமாகூட ஆச்சு."

வேகமாகவில்லை. ஆகவும் ஆகாது. அதற்கு வருகிறேன்.

செட்டிங்ஸ் போய் அம்புக்குறியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அழுத்தினால் ஒரு குட்டிப் பெட்டி திறந்தது. உள்ளே 11 ஐகான்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவற்றில் சிங்க் ஐகான் சாம்பல் நிறத்தில், குறுக்கே ஒரு கோட்டோடு. மவுஸை அதன் மேல் வைத்தேன்: உள்நுழையவில்லை. நான்கு மாதம் முன்பு அக்கா பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். போனில் புதியதைப் போட்டுக்கொண்டார், மடிக்கணினியில் போடவில்லை. அன்றிலிருந்து அந்த ஐகான் தன் நிறத்தை மாற்றிக்கொண்டு, கதவே இல்லாத அறைக்குள் நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு மாத வேலை மொத்தமும் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது. ஃபார்மேட் பட்டனை அழுத்த இன்னும் ஐந்து நிமிடம்.

அக்காவுக்கு நேரம் நன்றாக இருந்தது. இதே மாதிரி முன்பு வந்த ஒருவர், தானே ஃபார்மேட் செய்து முடித்துவிட்டு என்னிடம் வந்தார். இப்போதைய கணினிகளில் டிஸ்க்காக இருக்கிற எஸ்எஸ்டிகளில் அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அழிந்த இடங்களை டிரைவே துடைத்து வைத்துவிடும். அவரிடம் அதைச் சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது. இந்தக் கட்டுரையை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

சிஸ்டம் ட்ரே என்று நாம் எல்லோரும் சொல்கிற இந்த மூலைக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் அறிவிப்புப் பகுதி. 1995-இல் விண்டோஸ் 95-இல், திரையின் கீழே ஓடும் பட்டையான டாஸ்க்பாரோடு சேர்ந்து வந்தது. பெயரிலேயே வேலை இருக்கிறது பாருங்கள்: அறிவிப்பதற்கான இடம். ஜன்னல் திறக்காமல் பின்னால் ஓடுகிற புரோகிராம்கள் "நான் நலம்", "எனக்கு ஏதோ ஆயிற்று" என்று சொல்லிக்கொள்ள ஒதுக்கிய இடம். ஆனால் நாளாக ஆக, பிரிண்டர் கம்பெனியிலிருந்து கேம் விற்கிற கம்பெனி வரை எல்லோரும் அங்கே துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். கூட்டம் தாங்காமல்தான் 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி, பயன்படுத்தாத ஐகான்களை ஒளித்து வைக்க ஆரம்பித்தது. 2009-இல் விண்டோஸ் 7 இன்னும் ஒரு படி போய், புதிதாக வரும் ஐகான்களை முதலிலேயே அம்புக்குறிக்குப் பின்னால் தள்ளியது. ஆக, கூட்டம் இருக்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. என் மேசை மேல் இருக்கிற கணினியிலும் நான் பாதிக்கு மேல் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன். எதை ஒளிப்பது என்பதில்தான் வம்பு.

சரி, வேகம் விஷயத்துக்கு வருவோம். தயவுசெய்து இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

ஐகானை மறைத்தால் புரோகிராம் நிற்காது. மறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே குடியிருப்பவர் காலி செய்துவிட்டார் என்று அர்த்தமா? அவர் உள்ளேயேதான் இருக்கிறார், சமைக்கிறார், மின்விசிறி சுற்றுகிறது, மீட்டரும் ஓடுகிறது. வாசலில் பெயர் இல்லை, அவ்வளவே. ட்ரே ஐகான் என்பது சாதாரணத் திரையில் 16-க்கு 16 பிக்சல் உள்ள ஒரு துணுக்குப் படம். அதை எடுப்பதால் மிச்சமாகிற நினைவகத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நம்பவில்லையா? நான் சொல்வதை விடுங்கள், நீங்களே பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். ஏதாவது ஒரு புரோகிராமின் மெமரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அதன் ஐகானை ட்ரேயில் மறையுங்கள். திரும்ப வந்து பாருங்கள். அதே எண்தான் இருக்கும், கொஞ்சம் முன்பின்னாக. இதை நான் எத்தனையோ பேருக்கு உட்கார வைத்துச் செய்து காட்டியிருக்கிறேன். காட்டும்போது "அட ஆமா" என்பார்கள். அடுத்த முறை வரும்போது மறுபடி எல்லாவற்றையும் மறைத்து வைத்திருப்பார்கள், "இப்ப லேசா இருக்கு சார்" என்பார்கள். லேசாக இருப்பது உங்கள் கண்ணுக்கு.

உண்மையிலேயே வேகம் வேண்டும் என்றால் அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்று ஒரு பக்கம் இருக்கிறது. கணினி திறக்கும்போதே கூடவே எழுந்திருக்கும் புரோகிராம்களின் பட்டியல் அங்கே இருக்கும். கேம் லாஞ்சர், இசைச் செயலி, எப்போதோ ஒரு முறை பேசிய வீடியோ கால் செயலி ஆகியவற்றை அங்கே டிஸேபிள் செய்யுங்கள். அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது அந்த ஐகான்களும் வராது, அந்தச் சுமையும் இருக்காது. ஆன்டிவைரஸ், சிங்க், பேக்கப் மூன்றையும் மட்டும் தொடாதீர்கள்.

இதே குழப்பத்தின் மறுபக்கமும் உண்டு. ஜன்னலின் எக்ஸ் குறியை அழுத்தினால் புரோகிராம் மூடிவிட்டது என்று நினைப்பது. பல புரோகிராம்களுக்கு எக்ஸ் என்றால் ட்ரேக்குள் போய் உட்கார் என்று அர்த்தம். சாட் செயலி என்றால் பரவாயில்லை. ரிமோட் கருவி என்றால்? யாரோ ஒருவர் உதவி செய்கிறேன் என்று தூரத்திலிருந்து உங்கள் கணினிக்குள் வந்தார், வேலை முடிந்தது, நீங்கள் எக்ஸ் போட்டீர்கள். ஜன்னல் போய்விட்டது, கருவி ட்ரேயில் உயிரோடு இருக்கலாம். ட்ரேயில் அதன் ஐகானை வலது கிளிக் செய்து வெளியேறு என்று கொடுத்தால்தான் போகும். அப்புறம் அதை நிறுவல் நீக்கமே செய்துவிடுங்கள் என்பது என் யோசனை. வேண்டும்போது மறுபடி போட்டுக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

வலது கிளிக் மெனு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரே மெனுக்கள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. சிலதில் இடது கிளிக்கே மெனுவைத் திறக்கும், சிலதில் வலது கிளிக்குக்கு ஒரு மெனு, இடது கிளிக்குக்கு வேறொன்று. எக்ஸிட், க்விட், க்ளோஸ், டிஸ்கனெக்ட் எல்லாம் ஒன்றல்ல. விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் இணைப்பு) மெனுவில் டிஸ்கனெக்ட் கொடுத்தால் இணைப்பு மட்டும் துண்டாகும், புரோகிராம் அங்கேயே இருக்கும். சிங்க் மெனுவில் பாஸ் (தற்காலிக நிறுத்தம்) கொடுக்கும்போது எவ்வளவு நேரத்துக்கு என்று பார்த்துக் கொடுங்கள். மைக்ரோசாஃப்டின் சிங்க் செயலியான ஒன்டிரைவ் 2 மணி, 8 மணி, 24 மணி என்று கேட்கும், நேரம் முடிந்ததும் தானே ஓட ஆரம்பிக்கும். அதற்குப் பதில் "எதுக்கு வம்பு" என்று க்விட் கொடுத்துவிட்டு மறந்து போகிறவர்கள்தான் எனக்கு வாடிக்கையாளர்கள்.

எதை வெளியே வைப்பது, எதை உள்ளே தள்ளுவது? என் கணக்கு எளிது. கெட்டுப்போனால் எனக்கு உடனே தெரிய வேண்டியதெல்லாம் வெளியே. தெரியாவிட்டால் குடி முழுகாது என்பதெல்லாம் உள்ளே. விண்டோஸ் பாதுகாப்பின் கேடயம் வெளியே இருக்கட்டும். பச்சை டிக் இருந்தால் நிம்மதி, மஞ்சள் ஆச்சரியக்குறி என்றால் திறந்து பார்க்கவும், சிவப்பு எக்ஸ் என்றால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பார்க்கவும். சிங்க் ஐகான், பேக்கப் ஐகான், விபிஎன் ஐகான் வெளியே. யூஎஸ்பியைப் பாதுகாப்பாக எடுக்கும் ஐகானும் வெளியே இருப்பது நல்லது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து விரைவாக எடுக்கும் முறைதான் இயல்பாக இருக்கிறது, அதனால் முன்பு போலப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கும்போதே பிடுங்கிவிட்டு என்னிடம் வராதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு, டச்பேட், பிரிண்டர் உதவியாளர், கேம் கடைகள் எல்லாம் உள்ளே போகட்டும்.

செய்வது எப்படி என்பதற்கு வீடியோவே தேவையில்லை. அம்புக்குறியைத் திறந்து, வேண்டிய ஐகானை மவுஸால் இழுத்து டாஸ்க்பாரில் விடுங்கள். வேண்டாததை அதே மாதிரி உள்ளே இழுத்து விடுங்கள். முடிந்தது. மொத்தமாகப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றால் விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ். அந்தப் பட்டியலில் ஹிடன் ஐகான் மெனு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அக்கா அணைத்தது அதைத்தான். அதை அணைத்தால் அம்புக்குறி போகும், அதோடு உள்ளே இருக்கிற அத்தனை ஐகான்களும் போகும். அது ஆன் ஆகவே இருக்கட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

மவுஸ் ஒத்துழைக்காத நாளில் விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்துங்கள். ட்ரேக்குப் போய் நிற்கும். அம்பு விசைகளால் நகரலாம், ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்ந்து வலது கிளிக் மெனுவைத் திறக்கும்.

திடீரென்று ஒரு ஐகான் காணாமல் போனால் பதறி மறுபடி நிறுவாதீர்கள். டாஸ்க்பாரை நடத்துகிற எக்ஸ்ப்ளோரர் நின்று திரும்ப எழுந்தால், எல்லாப் புரோகிராம்களும் தங்கள் ஐகானைத் திரும்ப வைக்க வேண்டும். சோம்பேறித்தனமாக எழுதப்பட்ட சில புரோகிராம்கள் வைக்காது. புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஐகான் மட்டும் இருக்காது. இதற்கு நேர் எதிரும் நடக்கும்: புரோகிராம் செத்துப்போயிருக்கும், ஐகான் மட்டும் நிற்கும். மவுஸை அதன் மேல் கொண்டுபோனால் பட்டென்று மறையும். பேய் ஐகான் என்பேன். ஆக, ஐகான் தெரிகிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடக் கூடாது, வாரம் ஒரு முறையாவது அழுத்தி உள்ளே பாருங்கள்.

நீக்கிய புரோகிராம்களின் பெயர்கள் செட்டிங்ஸ் பட்டியலில் இன்னும் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கட்டும், சோறா கேட்கிறது? அதை அழிக்க, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஐகான்ஸ்ட்ரீம்ஸ் என்பதை நீக்கச் சொல்லும் குறிப்பு பல வருடங்களாகச் சுற்றுகிறது. அது பழைய விண்டோஸ்களுக்கானது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகள் இந்த விவரத்தை வேறு இடத்தில் வைக்கின்றன. வீடியோவைப் பார்த்து ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டாம். ட்ரேயை அழகாக்கும் இலவசக் கருவி என்று முகம் தெரியாத தளங்களிலிருந்து இறக்கவும் வேண்டாம். ஐகானைக் குறைக்கப் போனவர் கணினியில் புதிதாக மூன்று ஐகான்கள் முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். அலுவலகக் கணினியில் மூலையே மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தால் நிர்வாகிதான் பூட்டியிருப்பார், அவரிடமே கேளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு இது மேலே, மெனு பாரில் இருக்கிறது. கமாண்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் வரிசை மாறும். ஆனால் 2021-இல் தொடங்கி வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களில் கேமராவுக்கான வெட்டு இருக்கிறதே, ஐகான்கள் அதிகமானால் மிச்சம் அந்த வெட்டுக்குப் பின்னால் போய்விடும், நீங்கள் மறைக்காமலேயே. லினக்ஸில் க்னோம் என்கிற டெஸ்க்டாப் 2017-இல் 3.26 பதிப்போடு பழைய ட்ரேயையே எடுத்துவிட்டது. உபுண்டு அதற்கான எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தே தருகிறது, மற்றவற்றில் நீங்களே போட வேண்டியிருக்கலாம். லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஈ பிளாஸ்மா இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு ஐகானுக்கும் எப்போதும் காட்டு, எப்போதும் மறை, தேவைப்படும்போது காட்டு என்று மூன்று வழி தருகிறது.

இன்னொன்று. கீழ் வலது மூலையில் வருவதெல்லாம் உங்கள் கணினி சொல்வதல்ல. "5 வைரஸ்கள் உள்ளன, உடனே புதுப்பிக்கவும்" என்று அங்கே எழும்புகிற பெட்டிகளில் பெரும்பாலானவை, என்றோ ஒரு வலைத்தளம் அனுமதி கேட்டபோது நீங்கள் அலோ கொடுத்ததால் வருபவை. பெட்டியை உற்றுப் பாருங்கள், பிரவுசரின் பெயரும் அந்தத் தளத்தின் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். அதன் மேல் அழுத்தாமல், பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதியைப் போய் எடுத்துவிடுங்கள். நிஜக் கேடயத்தை வெளியே வைத்திருப்பவருக்கு இதில் ஒரு வசதி: பெட்டி கத்தும்போது பக்கத்திலேயே கேடயத்தில் பச்சை டிக் தெரியும்.

அக்காவின் கணினியில் புதுப் பாஸ்வேர்டைப் போட்டதும் ஐகான் சுற்ற ஆரம்பித்தது. நான்கு மாதம் அல்லவா, இரவு முழுக்க ஓடியது. காலையில் வலைத்தளத்தைத் திறந்து, ஃபைல்களின் எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, வெளி டிஸ்க்கில் ஒரு நகலும் எடுத்தபிறகுதான் ஃபார்மேட் செய்தேன். அக்காவின் புதிய கணினியில் கேடயமும் சிங்க்கும் வெளியே, அம்புக்குறி பக்கத்தில். வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த அம்புக்குறி மட்டும் இல்லாம பண்ண முடியாதா தம்பி?" என்றார்.

முடியாது அக்கா.