முகம் காந்துது, வயித்தால போகுது

இந்த இரண்டு தொல்லையையும் ஒரே டாக்டரிடம் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. வயிற்றால் போனால் வயிற்று டாக்டரிடம் போவார்கள். குடல் எரிச்சல் என்று மாத்திரை எழுதித் தருவார். முகம் காந்தினால் தோல் டாக்டர். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணாக இருந்தால் அதுகூட வேண்டாம், 'மாதவிலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான் சூடு ஏறும்' என்று வீட்டிலேயே பேச்சை முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எப்போதோ ஒருவருக்கு, சிறுகுடல் முடியும் இடத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டு வேலையையும் செய்துகொண்டிருக்கும்.

அதற்கு இன்றைய பெயர் நியூரோஎண்டோகிரைன் கட்டி. பழைய டாக்டர்கள் கார்சினாய்டு என்பார்கள். 1907-ல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டிய ஜெர்மானிய நோயியலாளர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டார்ஃபர், இது பரவாத சாதுவான கட்டி என்றே நினைத்தார். பிறகு 1929-ல் அவரே, இதுவும் பரவக்கூடியதுதான் என்று எழுதினார். மெதுவாக வளர்கிற கட்டி என்பது மட்டும் இன்றைக்கும் பெரும்பாலும் உண்மை. அந்த நிதானம்தான் சிக்கல். வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்துவிடும்.

வேலூரில் இருப்பவர்களுக்கு அரிய நோய் என்பது அவ்வளவு அரிதாகத் தெரியாது. காட்பாடியில் ஹவுரா ரயில் வந்து நின்றால், கையில் பெரிய ஃபைலோடு இறங்குபவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளத்தில் போர்டு தொங்குவதும் அதனால்தான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியம், இன்று பல மாநிலத்து நோயாளிகளும் வந்து சேர்கிற சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை ஆகிவிட்டது. எங்கெங்கோ ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கும் நோய்கள் இங்கே ஒரே வரிசையில் டோக்கன் வாங்கி நிற்கின்றன. அப்படி நிற்கும்போதுதான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள ஒற்றுமை கண்ணில் படும்.

வயிற்றையும் தோலையும் சேர்த்துப் பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோய் மாதிரி பரவியது. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது, ஆள் உருகிப்போவார். சி.எம்.சி.யின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அந்தக் கிராமங்களுக்கே போய் ஆராய்ந்தார்கள். அதே பேக்கர் குழு 1963-ல் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டது: பி12 வைட்டமின் குறைந்தவர்களுக்கு விரல் முட்டிகளின் மேல் தோல் கறுத்துப்போகிறது, பி12 கொடுத்தால் அந்தக் கறுப்பு மறைகிறது. குடலில் உறிஞ்சப்படாத ஒரு சத்து, கையை நீட்டினால் தெரிகிறது! சோதனைக்கூடம் எட்டாத கிராமத்தில் இதைவிட மலிவான பரிசோதனை ஏது?

கட்டிக்கு வருவோம். நம் குடல் சுவரில் ஆங்காங்கே ஹார்மோன் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. உடம்பில் இருக்கும் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உண்டாவதுதான். மூளையோடு சேர்த்தே அதைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம், ஆனால் குடலைச் சுருக்கி விரித்து உணவை நகர்த்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் செல்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகினால் செரடோனினும் கூடவே வேறு சில ரசாயனங்களும் அளவுக்கு மீறிச் சுரக்கும். குடல் வேகமெடுத்து வயிற்றால் போகும். ரத்தக் குழாய்கள் திடீரென விரிந்து முகமும் கழுத்தும் காந்தும்.

இங்கே ஒரு கேள்வி எழும். கட்டி வந்த உடனேயே இதெல்லாம் ஏன் தெரிவதில்லை? காரணம் கல்லீரல். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும்; வழியில் செரடோனினைக் கல்லீரல் உடைத்துப் போட்டுவிடும். சித்தூரிலிருந்து வரும் லாரி கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டைத் தாண்டாமல் காட்பாடிக்குள் வர முடியாது இல்லையா, அது மாதிரி. ஆனால் சரக்கையே செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஏற்றினால் யார் பிடிப்பது? கட்டி கல்லீரலுக்கே பரவிவிட்டால் அதுதான் நடக்கிறது. அங்கே சுரப்பது நேராக இதயத்துக்குப் போகிறது. அதனால்தான் முகம் காந்தும் அறிகுறி வருவதற்குள், பெரும்பாலும் கட்டி கல்லீரல் வரை போயிருக்கும்.

இதயத்திலும் வலது பக்க வால்வுகள்தான் முதலில் தடித்துச் சுருங்குகின்றன. அடுத்த நிறுத்தமான நுரையீரல் செரடோனினை உடைத்துவிடுவதால், இடது பக்கம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது.

தோலுக்கு இன்னொரு வழியிலும் அடி விழும். செரடோனின் தயாராவது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து. சாதாரணமாக நாம் சாப்பிடும் டிரிப்டோஃபானில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் அதற்குச் செலவாகும். இந்தக் கட்டி இருப்பவரிடம் அது 60 சதவீதம் வரை போகலாம். அதே டிரிப்டோஃபானிலிருந்துதான் உடம்பு நயாசின் என்ற பி வைட்டமினையும் கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது. கட்டி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டால் நயாசின் குறைந்து பெல்லாக்ரா வரும்: வெயில் படும் கழுத்திலும் கைகளிலும் தோல் கறுத்து, தடித்து, உரியும். ஒரு காலத்தில் தக்காணத்தில் சோளமே முக்கிய உணவாக இருந்த ஏழைகளுக்கு வந்த நோய் அது. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு அது வந்தால், மது, காசநோய் மருந்து போன்ற வழக்கமான காரணங்களோடு இதையும் யோசிக்க வேண்டும்.

முகம் சிவக்கும் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும். வெள்ளைக்காரர் முகம் சிவக்கும். நம் முகம் எங்கே சிவக்கிறது? கொஞ்சம் கறுத்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். அதனால் இங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். 'குபீர்னு சூடு ஏறுது', 'காது மடல் கொதிக்குது', 'காரமாச் சாப்பிட்டா உடனே வருது' என்று நோயாளி சொல்வதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வியர்க்கிறதா என்று கேட்பார்கள். மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சூட்டில் வியர்த்துக் கொட்டும். இந்தக் கட்டியின் சூடு பெரும்பாலும் வறண்ட சூடு. காசு செலவில்லாத இந்த ஒரு கேள்வி, பல ஸ்கேன்களைவிட முன்னதாகவே வழி காட்டும் என்பது என் எண்ணம்.

சந்தேகம் வந்துவிட்டால் முதல் வேலை சிறுநீர். செரடோனின் உடைந்த மிச்சம் (5-எச்.ஐ.ஏ.ஏ. என்பார்கள்) சிறுநீரில் வெளியேறும். காலையில் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் ஒரே கேனில் பிடிக்க வேண்டும். கேனுக்குள் முன்கூட்டியே கொஞ்சம் ஆசிட் ஊற்றியிருப்பார்கள். அதைக் கழுவிக் கொட்டிவிடக் கூடாது. இதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் கிடையாது. இவற்றிலேயே செரடோனின் இருப்பதால் கட்டி இல்லாதவருக்கும் அளவு ஏறிக் காட்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளுக் கத்தரிக்காய் விளைகிற மாவட்டத்தில், ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளவே கத்தரிக்காய் வைக்கிற ஊர்ப்பக்கத்தில், தக்காளியும் இல்லாமல் மூன்று நாள் சாப்பிடுவது லேசான காரியம் இல்லை. பாரசிட்டமால் மாத்திரைகூட அளவைக் குழப்பும். என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ரத்தத்தில் குரோமோகிரானின் ஏ என்று ஹார்மோன் செல்கள் வெளிவிடும் ஒரு புரதத்தையும் பார்ப்பார்கள். இதில் நம் ஊருக்கென்றே ஒரு வம்பு உண்டு: 'கேஸ் மாத்திரை'. காலையில் வெறும் வயிற்றில் பேன்டப்ரசோல், ஒமெப்ரசோல் என்று ஒன்றை வருஷக்கணக்கில் போட்டுக்கொள்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அந்த மாத்திரை அமிலத்தைக் குறைப்பதால் வயிற்றின் ஹார்மோன் செல்கள் தூண்டப்பட்டு, கட்டியே இல்லாமல் குரோமோகிரானின் உயர்ந்துவிடும். டாக்டரிடம் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் பல பேருக்கு அந்த 'கட்டி' காணாமல் போய்விடும்.

ஆனாலும் கடைசி வார்த்தை சதையினுடையதுதான். சிறுகுடல் முடிகிற இடத்தில் புண்ணோ வீக்கமோ இருந்தால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது டி.பி. அது தப்பில்லை, குடல் காசநோய் இங்கே நிறையவே இருக்கிறது. பயாப்சி (சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) தெளிவாக இல்லாமல் காசநோய் மருந்தை ஆரம்பித்து, மாதங்கள் ஓடிய பிறகு இது வேறு என்று தெரிவதுதான் ஆபத்து. அதனால்தான் வெளியூரிலிருந்து வருபவர்களிடம் ரிப்போர்ட் மட்டும் போதாது, பிளாக்கும் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். பிளாக் என்பது மெழுகில் புதைத்த சதைத் துண்டு. அதைக் கத்தியில் சீவினால் மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்கு ஒரு ஏடு வரும். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுப்பார்கள். ஊதினால் பறந்துவிடும், ஒரு மடிப்பு விழுந்தால் அந்த இடம் படிக்க முடியாது. பிறகு குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் என்ற புரதங்களைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடிகளை ஊற்றினால், ஹார்மோன் செல்கள் மட்டும் பழுப்பு நிறம் பிடிக்கும். கி-67 என்ற இன்னொரு சாயம், எத்தனை செல்கள் பெருகும் வேலையில் இருக்கின்றன என்று காட்டும். குறைந்தது 500 செல்களையாவது எண்ணுவார்கள். நூற்றுக்கு 3-க்குக் கீழே என்றால் முதல் தரம், 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். சிகிச்சை எவ்வளவு அவசரம் என்பதை இந்த எண் பெரிய அளவில் தீர்மானிக்கும்.

இனி எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமான பெட் ஸ்கேன், சர்க்கரையை அதிகம் தின்னும் கட்டிகளைக் காட்டும். இது சோம்பேறிக் கட்டி. சர்க்கரை அதிகம் தின்னாது, ஸ்கேனிலும் நழுவிவிடும். ஆனால் இதன் மேற்பரப்பில் சோமடோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டுவதற்கான ஏற்பிகள் ஏராளம். சோமடோஸ்டாட்டின் 1973-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மற்ற ஹார்மோன்களின் சுரப்பை அடக்குவது அதன் வேலை. அதைப் போலவே ஒட்டும் சின்ன மூலக்கூறு ஒன்றில் கதிரியக்க காலியம்-68-ஐக் கட்டி ஊசி போட்டால், கட்டி எங்கே இருந்தாலும் அது போய் ஒட்டும், ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். காலியம் 68 நிமிஷத்தில் பாதியாகிவிடும் என்பதால் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஜெர்மானியம் அடைத்த கருவியிலிருந்து அன்றன்றைக்குக் கறந்து எடுக்க வேண்டும். நோயாளி தாமதமாக வந்தால் மருந்து காத்திருக்காது.

இதே ஏற்பிதான் சிகிச்சைக்கும் வழி. இயற்கையான சோமடோஸ்டாட்டின் ரத்தத்தில் சில நிமிஷம்கூடத் தாங்காது. ஆக்ட்ரியோடைட் என்ற நகல் அதைவிட நீண்ட நேரம் நிற்கும்; மெதுவாகக் கரையும் வகையை நாலு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் போட்டால் பலருக்குச் சூடும் வயிற்றுப்போக்கும் அடங்கிவிடும். எடுக்கக்கூடிய கட்டியை அறுவை செய்து எடுப்பதே நல்லது. அப்போதும் இந்த மருந்து கைவசம் இருக்க வேண்டும், ஏனென்றால் கட்டியைத் தொட்டு அசைக்கும்போது ரசாயனங்கள் மொத்தமாகக் கொட்டி ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடலாம்.

வெட்டி எடுக்க முடியாதபடி பரவியவர்களுக்கு, காலியம் இருந்த இடத்தில் லுட்டீஷியம்-177 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளைக் கட்டி ஊசி போடுவார்கள். நம் நாட்டிலேயே டிராம்பே அணு உலையில் தயாராகிறது. அதன் பீட்டா கதிர் திசுவுக்குள் சுமார் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது என்பதால் அடி பெரும்பாலும் கட்டிக்கே விழும். 2017-ல் வெளியான நெட்டர்-1 ஆய்வில், 20 மாதம் கழித்தும் நோய் முற்றாமல் இருந்தவர்கள் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 65 சதவீதம். ஆக்ட்ரியோடைட் மட்டும் கூடுதல் அளவில் பெற்றவர்களில் 11 சதவீதம். ஆயுள் எவ்வளவு நீண்டது என்ற கணக்கில் பின்னாளில் வந்த முடிவு அவ்வளவு உறுதியாக இல்லை. நோயைப் பிடித்து நிறுத்துகிற வைத்தியம் இது. துடைத்துப் போடுகிற வைத்தியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதே குடும்பத்தில் குளுக்கோகனோமா என்று கணையத்தில் வரும் ஒன்று இருக்கிறது. இன்னும் அரிது, ஆனால் தோலிலேயே பிடிபடும். தொடை இடுக்கில், அடிவயிற்றில் சிவந்த வளையமாக வந்து, ஓரத்தில் உரிந்து, ஓரிடத்தில் ஆறி இன்னோர் இடத்தில் கிளம்பும். பார்த்தால் படர்தாமரை மாதிரியே இருக்கும். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் வாங்கித் தடவுவார்கள், கொஞ்சம் அடங்கும், திரும்ப வரும். கூடவே எடை குறைந்து, புதிதாகச் சர்க்கரையும் வந்திருந்தால் அது படர்தாமரைதான் என்று விட்டுவிடக் கூடாது. உதடெல்லாம் மிளகளவு கரும்புள்ளியோடு, அடிக்கடி வயிறு முறுக்கி அழும் பிள்ளைக்குக் குடலில் பாலிப் (சதை வளர்ச்சி) இருக்கிறதா என்று பார்ப்பதும், தோலைப் பார்த்து வயிற்றைத் தேடுகிற இந்த வகைதான். பூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரை நோய் அது.

லுட்டீஷியம் போட்டுக்கொள்பவர்களுக்கு வழக்கமாக நாலு தவணை, எட்டு வார இடைவெளியில். சிறுநீரகத்தைக் காப்பதற்காக அமினோ அமிலக் கரைசல் மணிக்கணக்கில் ஏறும். ஊசி போட்ட பிறகு சில நாள் கர்ப்பிணிகளிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் தள்ளி இருக்கச் சொல்வார்கள். கழிவறையில் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, இரண்டு முறை ஃபிளஷ் செய்யச் சொல்வார்கள். எட்டு வாரம் என்றால் 56 நாள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதனால் வெளியூர்க்காரர்கள் இந்தத் தவணை முடிந்து லாட்ஜுக்குத் திரும்பிய கையோடு, அடுத்த தவணைக்குக் காட்பாடி டிக்கெட்டைப் போட்டுவிடுவது நல்லது.