ஆட்டக்காரரின் கையைப் பின்தொடரும் இசை

திரைப்படத்திற்குப் பின்னணி இசை அமைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. நாயகன் எந்த நொடியில் கதவைத் திறக்கிறான் என்பது படத்தொகுப்பு முடிந்த அன்றே முடிவாகிவிடுவதால், அந்த நொடிக்கேற்ப வயலின்களை எழுப்பவோ அடக்கவோ அவரால் முடியும். வீடியோ கேமுக்கு இசை அமைப்பவருக்கு அந்த உறுதி கிடையாது. ஒருவர் கதவை உடனே திறப்பார். இன்னொருவர் அதன் முன் பத்து நிமிடம் நின்று சுவர்களை வேடிக்கை பார்ப்பார். இருவருக்கும் இசை பொருந்தியாக வேண்டும். இந்த இக்கட்டுக்குத் தேடிய தீர்வுகளே வீடியோ கேம் இசைக்கு அதன் தனித்த உணர்ச்சி வலிமையைத் தந்தன.

ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கி 1978இல் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இதற்கு நல்ல தொடக்கப் புள்ளி. அதில் இசை என்று சொல்லத்தக்கது, இறங்குமுகமாக ஓயாமல் ஒலிக்கும் நான்கு கனத்த சுரங்கள் மட்டுமே. திரையில் 55 வேற்றுக்கிரக உருவங்கள் வரிசை கட்டி இறங்கிவரும். அவற்றைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, நகர்த்த வேண்டிய உருவங்கள் குறைவதால் எஞ்சியவை விரைவாக நகரத் தொடங்கின. அன்றைய கணினிச் சில்லின் வேக வரம்பிலிருந்து தானாக விளைந்த இந்த வேகத்தை நிஷிகாடோ அப்படியே விட்டுவைத்தார். அந்த நான்கு சுரங்களும் கூடவே விரைந்தன. விரைவான தாளத்தைக் கேட்கும்போது மனிதரின் மூச்சும் இதயத்துடிப்பும் ஓரளவு கூடுவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஆனால் இங்கே தாளத்தை விரைவுபடுத்துபவர் ஆட்டக்காரரே: அவர் எவ்வளவு திறமையாகச் சுடுகிறாரோ அவ்வளவுக்கு அவருடைய பதற்றமும் ஏறுகிறது.

இசையை நிகழ்வுகளோடு பிணைக்கும் இந்த எண்ணத்தை முறையான தொழில்நுட்பமாக்கியவர்கள், லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் இசையமைப்பாளர்களான மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும். அவர்கள் வடிவமைத்த ஐமியூஸ் என்னும் அமைப்பு 1991இல் மங்கி ஐலண்ட் 2 ஆட்டத்தில் முதன்முதலாக இடம்பெற்றது. அக்காலத்தில் இசை பெரும்பாலும் ஒலிப்பதிவாக அல்லாமல், எந்தக் கருவி எந்தச் சுரத்தை எப்போது இசைக்க வேண்டும் என்ற மிடி கட்டளைகளாகவே சேமிக்கப்பட்டது. எனவே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவியை மாற்றவும், மெட்டின் குறித்த இடம் வரும்வரை காத்திருந்து வேறொரு பகுதிக்குத் தாவவும் முடிந்தது. வுட்டிக் என்னும் துறைமுகக் குடியிருப்பில் ஒவ்வொரு கட்டடத்திற்குள் நுழையும்போதும் ஊரின் மெட்டு வேறொரு வடிவம் கொள்கிறது. வெளியே வந்தால் சிறு இணைப்பு இசைத்துணுக்கு ஒன்றின் வழியாக முதல் மெட்டுக்குத் திரும்புகிறது. எங்கும் வெட்டு விழுவதில்லை என்பதால் ஆட்டக்காரர் மாற்றத்தைக் கவனிப்பதில்லை, உணர மட்டும் செய்கிறார்.

ஒலிப்பதிவு செய்த இசை பரவியபோது இந்த நெகிழ்வு குறைந்தது. அதை ஈடுகட்ட வந்ததுதான் அடுக்குமுறை. 2010இல் வெளிவந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் ஆட்டத்தின் இசையில் பெரும்பகுதி, ஏ மைனர் என்னும் மேற்கத்திய சுருதியில், நிமிடத்திற்கு 130 தாளத்துடிப்பு என்ற ஒரே கணக்கில் பதிவு செய்யப்பட்டது. ஆகவே எந்தத் துண்டின் மீதும் எந்தத் துண்டையும் ஏற்ற முடிந்தது. ஆபத்து நெருங்கினால் தாளக்கருவிகள் சேரும், விலகினால் உதிரும். மணிக்கணக்கில் ஒரே சுருதியில் கேட்டும் சலிப்புத் தட்டாதபடி செய்ததையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

மூளையில் நடப்பது என்ன? மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, தமக்குப் பிடித்த இசையில் மெய்சிலிர்க்கும் கட்டம் வருவதற்கு முன்பே, அதை எதிர்பார்க்கும்போதே, மூளையின் ஒரு பகுதியில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. உச்சத்தை அடையும்போது வேறொரு பகுதியில் சுரக்கிறது. அதாவது இசையின்பத்தில் பாதி எதிர்பார்ப்பு. ஒரே மெட்டை நூற்றுக்கணக்கான முறை கேட்கவைக்கும் வீடியோ கேம்களைப் போல எதிர்பார்ப்பை வளர்க்கும் கலை வேறொன்று இருப்பது அரிது.

வளர்த்த எதிர்பார்ப்பை முறிக்கவும் செய்யலாம். 1997இல் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 ஆட்டத்தில் ஏரித் என்ற பெண் கொல்லப்படுகிறாள். உடனே பெரும் எதிரி ஒன்றுடன் சண்டை தொடங்குகிறது. இத்தகைய சண்டைகளுக்கென்றே உரிய ஆரவார இசையை ஆட்டக்காரரின் காது எதிர்பார்க்கிறது; அது வருவதில்லை. நோபுவோ உயெமாட்சு அமைத்த ஏரித்தின் மென்மையான மெட்டு சண்டை முழுவதும் தொடர்ந்து ஒலிக்கிறது. துக்கப்பட நேரமின்றிப் பொத்தான்களை அழுத்த வேண்டியிருக்கிறது.

2005இல் வந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் இன்னும் ஒரு படி செல்கிறது. பரந்த நிலத்தில் குதிரையில் செல்லும்போது இசையே கிடையாது, காற்றும் குளம்போசையும்தான். மாபெரும் விலங்கு எதிர்ப்பட்டதும் கோவ் ஓட்டானியின் இசை எழுகிறது. அதன் உடல்மீது ஏறி வாளைப் பாய்ச்சி வீழ்த்தியபின் கேட்பதோ வெற்றி முழக்கமன்று, இரங்கற்பா போன்ற ஒன்று. திரையில் விலங்கு சாவதைப் பார்ப்பவருக்கு இரக்கம் வரலாம்; குற்றவுணர்ச்சி, வாளைத் தானே பாய்ச்சியவருக்குத்தான் வரும். ஆட்டத்தைத் தொடர வேண்டுமென்றால் அவர் அடுத்த விலங்கையும் கொன்றாக வேண்டும்.