கழிவு மூடையைப் பார்க்கிற கண்

காலபோக அறுவடைக் காலத்தில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போனால் பல இடங்களில் பாதி வீதிதான் வாகனத்துக்கு. மீதியில் நெல் காயும். அந்த நெல்லோடு வீதி மண்ணும் தார்த் துண்டும் பொடிக் கல்லும் மூடைக்குள் ஏறும். அவித்து, காயவிட்டு, உமி நீக்கி அரிசியாக வரும்போதும் அவற்றில் கொஞ்சம் விடாமல் கூட வரும். அம்மாமார் அரிக்கன்சட்டியில் அரிசியை அரித்து, அடியில் தங்கும் கல்லைக் கொட்டியது இதற்காகத்தான்.

அந்தப் பக்கத்து அரிசி ஆலையொன்றில், நிறம் பார்த்துப் பழுதரிசியைப் பிரிக்கும் ‘கலர் சோட்டர்’ இயந்திரம் ஓடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். முன்பு பெண்கள் வரிசையாக இருந்து சுளகில் கொழித்துப் பழுதரிசி பொறுக்கிய இடத்தில் இப்போது ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பெட்டி நிற்கிறது. உச்சியில் அரிசியைக் கொட்டினால், சரிவான தகட்டு வாய்க்கால்களில் ஒற்றை அடுக்காக வழுக்கி வந்து, கீழ்நுனியில் வெளியில் பாய்கிறது. பாயும் அந்தக் கணத்தில் முன்னும் பின்னும் எல்ஈடி வெளிச்சம், முன்னும் பின்னும் கமரா. இந்தக் கமரா நாம் கைபேசியில் எடுப்பதுபோல முழுப் படம் எடுப்பதில்லை. மயிரளவு ஒடுங்கிய ஒரு கோட்டை மட்டும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை பார்க்கிறது. பாய் இழைப்பதுபோல, கோட்டின்மேல் கோடாக அடுக்கி ஒவ்வொரு மணிக்கும் ஓர் உருவம் செய்துகொள்கிறது.

பழுது என்று முடிவானால், சற்றுக் கீழே இருக்கும் சிறு துளை திறந்து ‘டிக்’ என்று காற்று அடிக்கும். அந்த மணி விலகிக் கழிவுப் பக்கம் விழும். மணி செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வருகிறது, துளை கமராக் கோட்டிலிருந்து 6 சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து, முடிவெடுத்து, காற்றடிக்க 20 மில்லிசெக்கன்தான் உண்டு. கண் ஒருமுறை இமைக்க அதைப்போல ஐந்து மடங்காவது வேண்டும். ஒரு கிலோ அரிசியில் சுமார் 50,000 மணி என்றால், மணித்தியாலத்துக்கு ஒரு தொன் ஓடும் இயந்திரம் செக்கனுக்கு ஏறக்குறைய 14,000 மணிகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறது. எந்தச் சுளகும் இதற்கு ஈடுகொடுக்காது.

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது? பழைய இயந்திரங்களில் அது வெறும் ஓர் எண். வெளிச்சம் இவ்வளவுக்குக் குறைந்தால் கறுப்பு, தள்ளு. செயற்கை நுண்ணறிவு சேர்ந்த புதியவற்றில் எண்ணைக் கொடுப்பதில்லை, உதாரணம் கொடுக்கிறோம். நல்ல அரிசியில் கொஞ்சம், பூச்சி குத்தியதில் கொஞ்சம், அவிச்சல் கூடிக் கறுத்ததில் கொஞ்சம் என்று தனித்தனியே ஓடவிடுவார்கள். இயந்திரம் முதலில் கண்டபடி ஊகிக்கும். பிழைத்தால், உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான எண்களைத் துளித்துளியாகத் திருத்திக்கொண்டு திரும்ப ஊகிக்கும். போகப்போகப் பிழை குறையும். ஆனால் எது நல்லது, எது பழுது என்று முதலில் பிரித்துக் கொடுக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் அரிசியில் பழகியதாக இருக்க வேண்டும்.

இந்த ஆலையில் அது பட்டுத்தான் விளங்கியிருக்கிறது. வெள்ளை அரிசிக்குப் பழக்கிய அமைப்பிலேயே ஒருநாள் மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பரிசியை ஓடவிட்டிருக்கிறார்கள். நல்ல அரிசியெல்லாம் கழிவுக்குள் கொட்டியதாம். முன்பு சுளகு பிடித்த அக்கா ஒருவர் இப்போது இயந்திரத்தடியில் நிற்கிறார். ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பிக் காட்டினார். “இது பழுதில்லைத் தம்பி. மொட்டைக்கறுப்பனெண்டால் தவிடு இப்பிடித்தான் ஒட்டி நிக்கும். இந்தச் சிவப்புக்காகத்தானே சனம் வாங்குது.” இயந்திரத்துக்கு அது கறை, அக்காவுக்கு அது சத்து. பிறகு அவர் பிரித்துக் கொடுத்த மாதிரிகளை வைத்துத்தான் சிவப்பரிசிக்குத் தனி அமைப்புச் செய்தார்களாம்.

பழக்கிய பிறகும் கழிவு மூடையைப் பார்க்காமல் விட முடியாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, என்னையும் முதலில் ஏமாற்றிய கணக்கு. 1000 மணியில் 10 பழுது என்போம். இயந்திரம் நூற்றுக்கு 99 தடவை சரி. பழுதான பத்தும் அநேகமாகப் பிடிபடும். ஆனால் நல்ல 990 இலும் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் அதுவும் ஏறக்குறைய 10. ஆகக் கழிவில் பாதி நல்ல அரிசி! போதாதற்கு, அடிக்கும் காற்று பக்கத்தில் வரும் நல்ல மணியையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் கழிவை இன்னொரு தடவை ஓடவிடுகிறார்கள். எவ்வளவு கடுமையாகப் பிரிப்பது என்பது இயந்திரம் தீர்மானிக்கும் விஷயமல்ல. கடைக்குப் போகும் கீரிச்சம்பாப் பைக்கற்றில் ஒரு கறுப்பு மணியும் ஆகாது. மூடையாகச் சமையல்காரருக்குப் போவதென்றால் நாலைந்து இருந்தால் என்ன, அரிசி வீணாகாமல் இருந்தால் சரி. அது முதலாளியின் கணக்கு.

எல்லாவற்றுக்கும் கமராதான் மருந்து என்றும் எண்ணிவிடக் கூடாது. அரிசி நிறத்திலேயே இருக்கும் வெள்ளைக் கல்லை நிறம் பார்க்கும் கமரா தவறவிடலாம். அதற்கு வேறு இயந்திரம் இருக்கிறது: சரிந்து அதிரும் சல்லடை, அடியிலிருந்து காற்று. பாரம் குறைந்த அரிசி காற்றில் மிதந்து கீழ்ப்பக்கம் வழியும். கல் சல்லடையில் ஒட்டியபடி அதிர்வோடு மேலேறிப் போகும். நுண்ணறிவு ஒன்றுமில்லை, அரிக்கன்சட்டியின் பேரப்பிள்ளைதான்.

பிரித்தானிய உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983 இலேயே ஒரு முரணை எடுத்துச் சொன்னார். சுலபமான வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அது தடுமாறும் கடினமான நேரத்தை மட்டும் மனிதருக்கு விடுகிறோம். ஆனால் நாளாந்தம் அந்த வேலையைச் செய்யாததால் அவருடைய கை மறந்துவிடுகிறது. அரிசி ஆலைக்கும் இது அப்படியே பொருந்தும். சோட்டர் வந்ததும் கொழித்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பும் முதலாளி சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறார். அடுத்த போகத்தில் வேறு இன நெல் வரும்போது இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நிற்பார். என் கண்ணுக்கு அது மிச்சமாகத் தெரியவில்லை.

இங்கே செய்திருக்கும் ஏற்பாடு எளிது. அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை அக்கா கழிவிலிருந்து ஒரு பிடி அள்ளி, கறுப்புத் தட்டில் பரப்பி, நல்லது எத்தனை என்று எண்ணிக் கொப்பியில் எழுதுகிறார். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் முதலில் கமராக் கண்ணாடியில் தவிட்டுத் தூள் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். துடைத்தும் சரிவராவிட்டால் நிறுத்துகிற பொத்தானை அழுத்த யாரையும் கேட்கத் தேவையில்லை. நான் நின்ற நேரத்திலும் ஒருமுறை நிறுத்தினார். கண்ணாடியில் தூள் இல்லை. புது மூடையொன்று பிரித்திருந்தார்கள். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தவர், “இது சரியாக் காயேல்லை” என்று சொல்லி மூடையைக் காயவிடும் தளத்துக்குத் திருப்பி அனுப்பினார்.