கிரியேட்டினின் நார்மல் என்றால் கிட்னியும் நார்மலா?

"கிரியேட்டினின் நார்மல்னு லேப்லயே போட்டுட்டாங்களே டாக்டர், அப்புறம் எதுக்கு யூரின் டெஸ்ட்?" சர்க்கரை நோயாளிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரத்தத்தில் உள்ள, கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுதான் கிரியேட்டினின். அவர்கள் மேல் தப்பில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரம்பு அச்சாகியிருக்கிறது, எண் அதற்குள் இருக்கிறது, நிம்மதியாக ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். அந்த நிம்மதியை நம்பியே பலர் கிட்னியின் திறன் பாதிக்கு மேல் போன பிறகு, கால் வீங்கி மூச்சு வாங்கும்போதுதான் வந்து சேர்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ள ஒரு அம்மாவுக்கு 52 வயதில் கிரியேட்டினின் 0.7, 55 வயதில் 1.0. லேபின் வரம்பு 0.6 முதல் 1.1 வரை. இரண்டு ரிப்போர்ட்டும் நார்மல்தான். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் ரிப்போர்ட்டில் கிட்னி நிமிடத்துக்கு சுமார் 104 மில்லி வடிகட்டியிருக்கிறது, இரண்டாவதில் சுமார் 67 மில்லிதான். மூன்றே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, ரிப்போர்ட்டில் ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை.

இது எப்படி என்று புரிய, கிட்னி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, கைப்பிடி அளவே உள்ள இந்த இரண்டு உறுப்புகளுக்கே போகிறது. ஒவ்வொரு கிட்னியிலும் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டும் அலகுகள் சராசரியாக 10 லட்சம். அவை எல்லாம் நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவானவை, பிறகு புதிதாக ஒன்றும் முளைக்காது. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் குளோமருலஸ் என்ற மெல்லிய ரத்தக் குழாய்க் கொத்து இருக்கிறது. மற்ற இடங்களில் தமனியில் வந்த ரத்தம் நுண்குழாயைத் தாண்டியதும் சிரைக்குப் போய்விடும், ஆனால் இங்கே உள்ளே வருவதும் சிறு தமனி, வெளியே போவதும் சிறு தமனி. அதனால் நடுவில் இருக்கும் கொத்துக்குள் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தம்தான் ரத்தத்தின் நீரை வெளியே தள்ளுகிறது. கழிவோடு சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் எல்லாம் கூடவே வந்துவிடும். ரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் மட்டும் உள்ளேயே தங்கிவிடும்.

இப்படி ஒரு நாளைக்கு வடிவது சுமார் 180 லிட்டர். நம் உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவே 3 லிட்டர்தான், ஆக அது ஒரு நாளில் 60 முறை வடிகட்டப்படுகிறது. போகிக்கு முன்னால் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் திண்ணையில் எடுத்துப் போட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைப்போமே, கிட்னி செய்வதும் அதுதான். அடுத்து வரும் சிறு குழாய்கள் 99 சதவீத நீரையும், சர்க்கரை முழுவதையும், தேவையான உப்புகளையும் திரும்ப எடுத்துக்கொள்ள, மிச்சம் ஒன்றரை லிட்டர் சிறுநீராகப் போகிறது.

நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகிறது என்பதுதான் ஜி.எஃப்.ஆர். இளவயதில் 100, 120 என்று இருக்கும். இதை நேரடியாக அளக்க ஊசி மூலம் ஒரு பொருளைச் செலுத்தி, அது எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். கிட்னி தானம் கொடுக்க வருபவர்களுக்கு டி.டி.பி.ஏ. ஸ்கேன் எடுப்பது இதற்காகத்தான். எல்லோருக்கும் அது முடியாது. அதனால் உடம்பே தயாரிக்கும் கிரியேட்டினினை வைத்து மதிப்பிடுகிறோம். அது தசையிலிருந்து வரும் கழிவு. வடிகட்டல் பாதியாகக் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 0.5 என்று இருந்தவருக்கு இரண்டு மடங்கு என்றால் 1.0, அப்போதும் அவர் "நார்மல்" எல்லையிலேயே நிற்பார்! வடிகட்டல் இன்னும் சரியும்போதுதான் 2, 4 என்று எண் மளமளவென்று ஏறும், "உப்பு ஏறிடுச்சு" என்று வீட்டில் பதற்றம் தொடங்கும்.

தசை குறைந்தவர்களுக்கு இந்த ஏமாற்று இன்னும் அதிகம். அதே 1.1 ஒரு 25 வயதுப் பையனுக்கு இருந்தால் மதிப்பீட்டு ஜி.எஃப்.ஆர். சுமார் 95, அவனுடைய 70 வயதுப் பாட்டிக்கு இருந்தால் 54. ஆகவே ரிப்போர்ட்டில் இந்த மதிப்பீட்டைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனியாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ், மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேசியாக வேண்டும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முந்தின ராத்திரி மட்டன் பிரியாணி சாப்பிட்டிருந்தாலும், ஜிம்முக்குப் போய் கிரியேட்டின் பவுடர் எடுத்தாலும் எண் ஏறிக் காட்டும். தசை ரொம்ப அதிகமாகவோ குறைவாகவோ உள்ளவர்களுக்கு சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை உதவும்.

சரி, இ.ஜி.எஃப்.ஆர். 100 என்று வந்துவிட்டது, போதுமா? போதாது. சர்க்கரையும் பிரஷரும் பலருக்கு முதலில் கெடுப்பது வடிகட்டும் அளவை அல்ல, குளோமருலஸின் மெல்லிய சுவரை. வெளியே வரக்கூடாத ஆல்புமின் சிறுநீரில் கசிய ஆரம்பிக்கும். லேபில் ஏ.சி.ஆர். என்று சொன்னால் தெரியும், சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் அது. 30-க்குக் கீழே இருக்க வேண்டும். 30 முதல் 300 வரை உள்ள கசிவை, சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை பெரும்பாலும் தவறவிட்டுவிடும், "ஆல்புமின் நில்" என்றே எழுதி வரும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் இருக்கும் நாட்களில் வேண்டாம். "ஸ்கேன்ல கிட்னி நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்பதையும் இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்கேன் காட்டுவது உருவத்தை. சர்க்கரையால் கெட்ட கிட்னி பல வருடம் முழு அளவிலேயே இருக்கும்.

இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், குளோமருலஸுக்குள் வரும் குழாயைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே கெட்டிருக்கும் கிட்னிக்கு அது பெரிய அடி. ரமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள் வெளியே போகும் குழாயைத் தளர்த்தி, கொத்துக்குள் அழுத்தத்தைக் குறைத்து, ஆல்புமின் கசிவைக் கட்டுப்படுத்தும். அழுத்தம் குறைவதால் ஆரம்பித்த சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினாலும் நாங்கள் பெரும்பாலும் நிறுத்துவதில்லை, பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு தொடர்வோம். இது தெரியாமல், "இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நிறுத்தாதீர்கள். ஆனால் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து தண்ணீர்கூட இறங்காமல் படுத்திருக்கிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். அப்போது அந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கலாம், அன்றைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.