முன்னோடி நரம்பணு: சொல் விளக்கம்

ஓர் உயிரணு நரம்பணு (நியூரான்) ஆகும் பாதையில் இறங்கிவிட்டது, ஆனால் இன்னும் நரம்பணு ஆகவில்லை. அந்த நிலையில் இருக்கும் உயிரணுவைத்தான் 'நியூரல் பிரிகர்சர் செல்' என்கிறார்கள். கருவின் குருத்தணு (ஸ்டெம் செல்) உடலின் எந்த அணுவாகவும் மாறலாம். இதற்கு அந்த வாய்ப்பு இல்லை. நரம்பணு, இல்லையென்றால் அதைத் தாங்கும் துணையணு. முதிர்ந்த நரம்பணு பிரிந்து பெருகாது, இது பெருகும். ஆய்வகங்களில் இதற்கு இவ்வளவு மவுசு அதனால்தான்.

இலத்தீனில் 'ப்ரே' என்றால் முன், 'குர்ரெரே' என்றால் ஓடுதல். 'முன்னோடி' அச்சாகப் பொருந்துகிறது. ஒரு நெருடல் உண்டு: நம் வழக்கில் முன்னோடி ஒருவர், பின்தொடர்பவர் வேறொருவர். இங்கே முன்னோடியே பிறகு நரம்பணு ஆகிறது. 'முன்னணு' என்று சுருக்கலாம்தான். அச்சில் ஓர் எழுத்து பிசகினால் மின்னணு ஆகிவிடும்! ஆகவே முன்னோடி நரம்பணு. 'செல்' என்பதைக் கலம் என்று எழுதும் இலங்கை வழக்கில் முன்னோடி நரம்புக்கலம்.

இந்த அணுக்களைப் பற்றிய கட்டுரைகளில் 'டோபமினெர்ஜிக்' என்ற அடைமொழியும் வரும். அதன் வால், வேலை என்று பொருள்படும் 'எர்கோன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'டோபமின் சுரக்கும்' என்றாலே போதும். டோபமின் என்பது நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். அது ஒரு வேதிப்பெயரின் சுருக்கம், அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

நடுமூளையின் கரும்பொருள் (சப்ஸ்டான்ஷியா நைக்ரா) பகுதியில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோயில் உடல் இறுகி, அசைவு மந்தமாகிறது. 1998இல் ஆய்வாளர் லோரென்ஸ் ஸ்டூடரும் உடன் ஆய்ந்தவர்களும் எலிக்கருவின் நடுமூளையிலிருந்து முன்னோடி அணுக்களை எடுத்து, பெருகத் தூண்டும் வளர்ச்சிக்காரணி என்ற பொருளைக் கொடுத்துப் பெருக்கினார்கள். அப்புறம் அதை நிறுத்தியதும் அணுக்கள் பெருகுவதை விட்டு முதிர்ந்தன. அவற்றில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களும் இருந்தன. முதிர்ந்தவற்றை அடையாளம் காண, டோபமின் உருவாகத் தேவையான டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்ப்பார்கள். இன்று பெரும்பாலும் குருத்தணுவிலிருந்தே தொடங்குகிறார்கள். அதை நடுமூளைப் பக்கம் திருப்பும் சமிக்ஞைகளில் ஒன்றின் பெயர் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்', ஆம், வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரேதான்.

2018இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்க்கின்சன் நோயாளியின் மூளைக்குள் செலுத்தப்பட்டவையும் முன்னோடி அணுக்களே. முழுதாக முதிர்ந்த நரம்பணுக்கள் இடமாற்றத்தை எளிதில் தாங்குவதில்லை. மிச்ச முதிர்ச்சி மூளைக்குள் போய்த்தான் நடக்கிறது. 'ஆய்வகத்தில் வளர்த்த நரம்பணுவைப் பொருத்தினார்கள்' என்று எழுதினால் அது பாதி சரி.