கறிக்குழம்பைச் சுட வைப்பது இருக்கட்டும், ஆற வைத்தது எப்படி?

பண்டிகைக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பழி போடுவது அதிரசத்தின் மேலும் முறுக்கின் மேலும்தான். "எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கல டாக்டர்" என்று நோயையும் காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள், நான் மாத்திரை எழுதிக் கொடுத்தால் போதும். பலகாரம் நெஞ்செரிச்சல் தரும், வயிற்றை மந்தமாக்கும், அளவு மீறினால் குமட்டும், எல்லாம் உண்மை. ஆனால் நடுராத்திரியில் வயிற்றைப் பிசைந்து எழுப்பி, விடிவதற்குள் ஏழெட்டு முறை தண்ணீராகப் போக வைத்து, ஒரே வீட்டில் மூன்று பேரை ஒன்றாகப் படுக்க வைக்கிற வேலையை முறுக்கு செய்வதில்லை. அதில் ஈரமே கிடையாது, கிருமி எங்கே வளரும்?

அதனால் நான் கேட்கிற கேள்வி வேறு. கறி எப்போது சமைத்தீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், நடுவில் அது எங்கே இருந்தது?

தீபாவளி என்றால் பதில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். விடியற்காலையில் கறிக்கடை வரிசை, எண்ணெய்க் குளியல் முடிந்ததும் இட்லிக்கு மட்டன் குழம்பு. (அமாவாசையும் சேர்ந்து வந்து நோன்பும் இருந்தால் சில வீடுகளில் அன்று கறி கிடையாது, இதே கதை ஒரு நாள் தள்ளி நடக்கும்.) மதியம் அதே குழம்பு சோற்றுக்கு, சாயங்காலம் யாராவது வந்தால் தோசைக்கு. மிச்சம் குண்டானோடு அடுப்பு மேடையிலேயே, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடியபடி ராத்திரி முழுக்க இருக்கும். அப்புறம் வரும் வாக்கியம்தான் முக்கியம்: "காலையில நல்லா கொதிக்க வெச்சுத்தான் சாப்பிட்டோம்." பொய் சொல்வதில்லை, கொதிக்க வைத்திருப்பார்கள். ஆனால் கெடுதல் நடந்தது கொதிக்க வைத்த அந்தப் பத்து நிமிடத்தில் இல்லை, அதற்கு முன்னால் போன பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில்.

க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்று ஒரு கிருமி. பெரிய பாத்திரத்தில் சமைத்த கறி, குழம்பு, கிரேவி என்றால் அதற்கு ரொம்பப் பிடிக்கும். மண்ணிலும் விலங்குகளின் குடலிலும் இருப்பதால் பச்சைக் கறியில் அது ஒட்டிக்கொண்டு வருவதைத் தடுக்க முடியாது. நிலைமை மோசமானால் வித்து மாதிரி ஒரு கெட்டியான கூட்டுக்குள் ஒடுங்கிவிடும், அந்த வித்துக்கு நீங்கள் அடுப்பில் கொடுக்கும் கொதி போதாது. மற்ற கிருமியெல்லாம் செத்துப்போன குழம்பில் இது மட்டும் மிஞ்சி நிற்கும். குழம்பு ஆற ஆற வித்து முளைக்கும். இதற்குக் காற்றே ஆகாது, ஆனால் கொதிக்கும்போது குழம்பிலிருந்த காற்று போய்விட்டது, மேலே கொழுப்பு ஏடாகப் படிந்து மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது, உள்ளே சத்தும் வெதுவெதுப்பும் தாராளம். 43 முதல் 45 டிகிரி செல்சியஸ் வாக்கில் பத்து நிமிடத்துக்கும் குறைவாக ஒன்று இரண்டாகிவிடும். பத்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும் மூன்று மணி நேரத்தில் ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டும். ஒரு சின்னக் கிண்ணத்துக் குழம்பு அந்தச் சூட்டைக் கடந்து சீக்கிரம் ஆறிவிடும். பத்துப் பேருக்கு வைத்த குண்டான் ஆறாது, மேலே தொட்டால் ஆறிவிட்டது போல இருக்கும், அடியில் கரண்டி விட்டுப் பாருங்கள், இன்னும் கதகதவென்று இருக்கும்.

இப்படிப் பெருகிய கிருமியோடு சாப்பிட்டால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்று முறுக்கலும் பேதியும் வரும். காய்ச்சலோ வாந்தியோ பொதுவாக இருக்காது. சாப்பாட்டுக்கும் வலிக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் யாருக்கும் குழம்பின் மேல் சந்தேகமே வருவதில்லை, கடைசியாக வாயில் போட்டது எதுவோ அது மாட்டிக்கொள்கிறது.

"அப்போ நல்லா கொதிக்க வெச்சா செத்துடும்ல?" சரியான கேள்வி. முளைத்து வளர்ந்த பெர்ஃப்ரின்ஜென்ஸ் செத்துவிடும், உண்மைதான், பாத்திரத்தின் நடுப்பகுதி வரை சூடு போயிருந்தால். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டிக் குழம்பு ஓரத்தில் தளதளவென்று கொப்பளிக்கும்போதே நடுவில் ஒரு கட்டி சில்லென்று கிடக்கும், கிளறாமல் "கொதி வந்துடுச்சு" என்று இறக்கிவிடுவோம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு இரண்டு கிருமிகளிடம் இருக்கிறது.

ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது கறியிலிருந்து வருவதைவிட நம் கையிலிருந்து வருவதுதான் அதிகம். நகச்சுத்தி, கையில் பழுத்த சின்னக் காயம், மூக்கைத் தொட்ட விரல், இவை போதும். இன்னொன்று பேசில்லஸ் சீரியஸ், இது சோற்றிலும் பிரியாணியிலும் வருவது. இந்த இரண்டும் வெளியே கிடக்கும் சாப்பாட்டில் விஷத்தைக் கக்கி வைத்துவிடும். நீங்கள் மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், விஷம் அப்படியே இருக்கும். பேசில்லஸ் சீரியஸின் வாந்தி விஷம் பிரஷர் குக்கர் சூட்டுக்கும் அசையாது. சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குடம் குடமாக வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் விசாரிப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

ஆக, ஆற வைத்ததில் நடந்த தவறைச் சுட வைத்துச் சரிசெய்துவிட முடியாது. இதை மட்டும் சமையலறையில் எழுதி ஒட்டினாலும் தகும்.

மூக்கை நம்பாதீர்கள். "மோந்து பார்த்தேன், வாடையே வரல" என்பதைக் கேட்காமல் ஒரு பண்டிகை போனதில்லை. சாப்பாட்டை நாற வைக்கும் கிருமிகள் வேறு, நம்மைப் படுக்க வைக்கும் கிருமிகள் வேறு. பின்னவை வாடையையும் ருசியையும் தொடாமலே வேலையை முடித்துவிடும். அதே போல, "இஞ்சி பூண்டு மிளகு மஞ்சள் எல்லாம் போட்டிருக்கு, கிருமி அண்டாது" என்பதும். மசாலாப் பொடிகளிலேயே மேலே சொன்ன வித்துகள் இருப்பது சாதாரணம். புளி அதிகம் விட்ட மீன்குழம்பு கறிக்குழம்பைவிடக் கொஞ்சம் தாங்கும், புளிப்பில் கிருமி வளர்வது மட்டுப்படும். அந்தச் சலுகையைத் தேங்காய்ப்பால் விட்ட ஆட்டுக்கால் பாயாவுக்கு நீட்ட முடியாது.

சரி, எப்படி ஆற வைப்பது? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது ஆபத்தான சூடு. சமைத்த சாப்பாடு அந்த நிலையில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. நாலு அடுப்பும் எரிகிற பண்டிகைச் சமையலறை 32 டிகிரிக்குக் கீழே இருக்கிற நாள் நம் ஊரில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எல்லோருக்கும் சொல்வது, இறக்கியதுமே நாளைக்கான பங்கைப் பிரித்துவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு, கரண்டி போய் வந்து, கடைசியில் மிஞ்சியதை எடுத்து வைப்பதுதான் வழக்கம். மாற்றிச் செய்யுங்கள். சூடாக இருக்கும்போதே சுத்தமான அகலப் பாத்திரங்களில், இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, பெரிய பேசினில் தண்ணீர் விட்டு அதில் இறக்கி வைத்து, அவ்வப்போது கிளறுங்கள். தண்ணீர் சுட்டால் மாற்றுங்கள், ஐஸ் கட்டி இருந்தால் போடுங்கள். ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். "சூடா வெச்சா ஃபிரிட்ஜ் போயிடும்" என்ற பயம் இன்றைய ஃபிரிட்ஜுக்குப் பொருந்தாது. கொதிக்கக் கொதிக்க முழுக் குண்டானையும் உள்ளே திணிக்காதீர்கள், அவ்வளவுதான். திணித்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும், குண்டானின் நடுப்பகுதியும் ஆறாது. உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஃபிரிட்ஜுக்குப் பெயர் ஃபிரிட்ஜ். இனிப்பு டப்பாக்களை அடைத்து வைத்து, குழந்தைகள் நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடுகிற தீபாவளி ஃபிரிட்ஜ் அந்தக் கணக்கில் வருமா என்று ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பாருங்கள்.

ஹாட்பாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கிற சூட்டை மெதுவாக இழக்கிறது. மதியம் போட்ட பிரியாணி ராத்திரி எட்டு மணிக்கு "இன்னும் வெதுவெதுன்னு இருக்கு" என்றால், கிருமிக்கு எந்தச் சூடு பிடிக்குமோ அதில் மணிக்கணக்காக வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். ஊரிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் கொண்டு வரும் டிஃபன் பாக்ஸ் கறியும் இதே ரகம். அம்மா கட்டிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், அதனால் முதல் நாளே ஃபிரீசரில் கல்லாக உறைய வைத்து, ஐஸ் பேக்கோடு தெர்மாகோல் பெட்டியில் கட்டித் தரச் சொல்லுங்கள். காலையில் திறக்கும்போது இன்னும் சில்லென்று இருந்தால் சாப்பிடலாம்.

இனி சுட வைப்பது. தேவையானதை மட்டும் எடுத்து, ஒரே ஒரு முறை. முழுப் பாத்திரத்தையும் மூன்று வேளையும் ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு முறையும் அந்த ஆபத்தான சூட்டை இரண்டு தடவை கடக்கிறீர்கள். குழம்பு என்றால் அடிவரை கிளறி, நடுவிலும் தளதளவென்று கொதித்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், முள் மாதிரி குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சுக்கா வறுவல் காய்ந்து போகும் என்றால் தண்ணீர் தெளித்து மூடி சிறு தீயில் வையுங்கள். பிரியாணியை அப்படியே அடுப்பில் வைத்தால் அடி பிடிக்கும், நடுவில் சில்லென்று இருக்கும். பரவலாக ஒரு தட்டில் போட்டு இட்லிக் குண்டானில் ஆவி கட்டுவது எனக்குத் தெரிந்து நல்ல வழி, சோறும் உதிரியாகவே இருக்கும். மைக்ரோவேவ் என்றால் பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வையுங்கள், அது ஒரே சீராகச் சூடேற்றாது. பழைய குழம்பைப் புதுக் குழம்பில் ஊற்றிக் கலப்பது வேண்டவே வேண்டாம். கறி வகைகள் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள், பிரியாணி மறுநாளோடு சரி.

சுண்டிய குழம்பின் ருசியே தனி என்று சண்டைக்கு வருவீர்கள். நானும் அந்தக் கட்சிதான். ஒழுங்காக ஆற வைத்து ஃபிரிட்ஜில் இருந்ததை மறுநாள் எடுத்து ஒரே மூச்சில் சுண்ட வைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

பச்சைக் கறி பற்றிச் சுருக்கமாக. சிக்கனைக் குழாயடியில் பிடித்துக் கழுவும்போது தெறிக்கிற தண்ணீரில் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் என்ற கிருமிகள் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக்கும் டம்ளருக்கும் போகும். கழுவவே வேண்டாம் என்பதுதான் பல நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் அறிவுரை, நம் வீட்டில் அது நடக்காது என்று எனக்கும் தெரியும். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு உள்ளேயே மெதுவாக அலசுங்கள், அப்புறம் சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிக்கன் 65-க்கு மசாலா ஊறுவது ஃபிரிட்ஜுக்குள் நடக்கட்டும், மேடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இல்லை. உறைந்த கறியை ராத்திரி சிங்க்கில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வையுங்கள். பக்ரீத்துக்குப் பல வீடுகளிலிருந்து வரும் கறியைப் பெரிய மூட்டையாக ஃபிரீசரில் போட்டால் நடுப்பகுதி உறைய ரொம்ப நேரமாகும், அரைக் கிலோ பொட்டலங்களாகத் தட்டையாகப் பரப்பி வையுங்கள். குழந்தைக்குச் சத்து என்று கொடுக்கும் ஈரலை உள்ளே சிவப்பாக இருக்கும்போதே ஊட்டாதீர்கள்.

எல்லாம் மீறி வந்துவிட்டால், முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதி பாதியாக இல்லை. வாந்தி இருந்தால் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கண் சொருகுவது, குடித்தது எதுவும் தங்காதது, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள், சர்க்கரை அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் என்றால் அந்த அறிகுறிகளுக்காகக்கூடக் காத்திருக்காமல் உடனே வாருங்கள். வரும்போது கடந்த இரண்டு நாளில் யார் எதை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், சாப்பிட்டும் நன்றாக இருப்பவர்கள் பெயரையும் சேர்த்து.