மனச்சோர்வு: டிப்ரஷனுக்குச் சரியான தமிழ்ச் சொல்

டிப்ரஷனைத் தமிழில் பலரும் மன அழுத்தம் என்று எழுதுகிறார்கள். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே சொல்தான். இந்தக் குழப்பத்தில் அதிகம் பாதிக்கப்படுவது பதின்வயதுப் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் சரியாகத் தூங்குவதில்லை, தோழிகளிடம் பேசுவதில்லை, பிடித்த பாட்டைக்கூடக் கேட்பதில்லை என்றால், "பரீட்சை மன அழுத்தம், முடிஞ்சா சரியாயிடும்" என்று வீட்டில் காத்திருப்பார்கள். ஸ்ட்ரெஸ்ஸாக இருந்தால் காரணம் விலகும்போது பெரும்பாலும் அதுவும் தணியும். டிப்ரஷன் அப்படிப் போவதில்லை, பரீட்சை முடிந்த பிறகும் தங்கிவிடும்.

இந்தக் குழப்பம் எப்படி வந்திருக்கும் என்று மூலத்தைப் பார்த்தால் ஊகிக்கலாம். டிப்ரஷனுக்கு வேர் 'டெப்ரிமெரே' என்ற லத்தீன் வினை. அதற்குக் கீழே அழுத்துதல் என்று பொருள். நேராகப் பெயர்த்தால் அழுத்தம்தான் கிடைக்கும். ஸ்ட்ரெஸ்ஸின் வேரோ இறுக்குதல், நெருக்குதல் என்ற பொருள் உடையது. இலங்கையில் உளவியல் எழுதுபவர்கள் அதை நெருக்கீடு என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது, தமிழ்நாட்டிலும் புழங்கினால் நல்லது.

டிப்ரஷன் என்ற பெயர் மருத்துவத்தில் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பு ஐரோப்பாவில் மெலன்கோலியா என்றார்கள். கிரேக்கத்தில் கரும்பித்தம் என்று பொருள். நாமும் பித்தத்தையும் பித்துப் பிடிப்பதையும் ஒரே சொற்குடும்பத்தில்தான் வைத்திருக்கிறோம்.

சரி, மனச்சோர்வு ஏன் பொருத்தம்? சோர்தல் என்றால் தளர்தல், நழுவுதல், வடிதல். கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் சோர்ந்தது என்று பழைய நூல்களில் வரும். 'சொற்காத்துச் சோர்விலாள் பெண்' என்ற குறளில் (56) சோர்வு என்பது கடமையில் தளர்ந்துபோவது. டிப்ரஷனிலும் நடப்பது இதுதான்: பசி, தூக்கம், ஆர்வம், கவனம் எல்லாம் பிடியிலிருந்து நழுவுகின்றன. இந்த நிலை நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாளும், குறைந்தது இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவர்கள் அதை நோயாகப் பார்க்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. சோர்வு என்றதும் களைப்பு நினைவுக்கு வரும், அடுத்து சோம்பேறிப் பட்டம் வரும். அதுவும் பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வெளிப்படுவதில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவதும் அதன் அறிகுறிதான். அதைத் 'திமிர்' என்று திட்டும் வீடுகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. மன இறுக்கம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது ஆட்டிசத்துக்கு வழங்கும் பெயர் என்பதால் இங்கே தவிர்ப்பது நல்லது.

மனச்சோர்வோடு அடிக்கடி சேர்ந்து வருவது ஆங்சைட்டி. அதன் லத்தீன் வேரான 'ஆங்கெரே'க்கு நெரித்தல், மூச்சுத் திணறச் செய்தல் என்று பொருள். தமிழ்நாட்டில் பதற்றம் என்கிறோம், இலங்கையில் பதகளிப்பு. பிள்ளைகள் "படபடன்னு இருக்கு", "வயித்தைப் பிசையுது" என்பார்கள். வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாளில் காலையிலேயே வயிற்றுவலி வந்தால் நடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது. பதற்றம் உடம்பில் அப்படித்தான் வெளிப்படும்.

இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது சமாளிப்பதற்கும் உதவும். மனச்சோர்வில் இருப்பவர் ஆர்வம் திரும்பட்டும் என்று காத்திருந்தால் முடக்கம் கூடும். குளிப்பது, பத்து நிமிடம் நடப்பது என்று சின்னச் சின்ன வேலையாகத் தொடங்கினால் ஆர்வம் பின்னால் வரும். பதற்றத்தில், பயப்படும் இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். அதனால் படிப்படியாக அதை எதிர்கொள்ளப் பழக்குவார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துக் கவனிக்கும் பேச்சு சிகிச்சை இரண்டுக்குமே பலன் தருகிறது. சிலருக்கு மருந்தும் தேவைப்படும், அதை மருத்துவர் முடிவு செய்வார். ஆலோசனை என்று நாம் சொல்வதை இலங்கையில் உளவளத்துணை என்பார்கள். துணை என்ற சொல் அதற்குள் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

மருத்துவரிடமோ ஆசிரியரிடமோ சொல்லும்போது பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டல, தூக்கம் வரல" என்றால் போதும், அவர்களுக்குப் புரியும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் நாளை வரை வைத்திருக்காமல் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926.